எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன்

ஜூன் கடைசியில் ஹைதராபாத்தில் முதல் மழை நன்றாக விழுந்துவிட்டால், செம்மண் தரையில் சிவப்பு வெல்வெட் துணியில் செய்தது போன்ற பட்டுப்பூச்சிகள் ஊர ஆரம்பிக்கும். தெலுங்குக்காரர்கள் ஆருத்ர புருகு என்பார்கள். அந்தப் பூச்சியோடு கூடவே எனக்கு ஒரு கேள்வியும் வந்து சேரும்: "அங்கிள், மேக்ரோ லென்ஸ் வாங்கக் காசு இல்லை. எந்த ட்யூப் வாங்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த, முதல் சம்பளத்தில் கேமரா வாங்கிய பிள்ளைகள். எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்களே ஒழிய, எதைப் படம் எடுக்கப்போகிறோம், எந்த லென்ஸில் மாட்டப்போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. அந்த இரண்டும் தெரியாமல் ட்யூப் எதையும் சொல்ல முடியாது. ஆகவே, எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

1. ட்யூபுக்குள் ஒன்றும் கிடையாது. இரண்டு முனையிலும் மவுண்ட் வைத்த வெற்று வளையம், அவ்வளவுதான். லென்ஸைச் சென்சாரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துவது அதன் ஒரே வேலை. லென்ஸ் தள்ளி நின்றால் கிட்டத்தில் இருக்கும் பொருள் ஃபோகஸ் ஆகும், பெரிதாகவும் விழும். நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரர் லாலா தீன் தயாள் 1880-களில் செகந்திராபாத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்தக் காலத்து மரக் கேமராக்களில் துருத்தி இருக்கும். துருத்தியை நீட்டினால் கிட்டத்துப் பொருள், சுருக்கினால் தூரத்துப் பொருள். உங்கள் ட்யூப் அந்தத் துருத்தியில் நறுக்கி எடுத்த, நீளம் மாறாத ஒரு துண்டு. கண்ணாடியே இல்லாததால், "இந்த ட்யூபில் ஷார்ப்னஸ் அதிகம் சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். படத்தின் தரம் உங்கள் லென்ஸின் தரம்தான். (டெலிகன்வெர்ட்டர் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள் கண்ணாடி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு காசைக் கோட்டை விட வேண்டாம்.)

2. பொருளை முதலில் அளந்து பாருங்கள். ஸ்கேல் போதும். பூச்சி ஓடும், பூ ஆடும் என்பதால் நான் எல்லோரையும் முதலில் ஒரு நாணயத்தில்தான் பழகச் சொல்வேன். ஹைதராபாத்தில் பழைய குடும்பம் எதையாவது கேட்டுப் பாருங்கள், பீரோவில் நிஜாம் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றாவது இருக்கும். ஒரு பக்கம் சார்மினார் பொறித்திருக்கும். குறுக்களவு சுமார் 30 மில்லிமீட்டர். சார்மினாரின் நடு வளைவுக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு சின்ன எழுத்து தெரியும். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானின் நாணயம் என்றால் அது 'மீம்', 1911-ல் பட்டத்துக்கு வந்த உஸ்மான் அலி கானின் நாணயம் என்றால் 'ஐன்'. அந்த ஐன்-இலேயே குட்டையாகப் பொறித்தது, முழுதாகப் பொறித்தது என்று இரண்டு வகை உண்டு. நாணயம் சேர்ப்பவர்கள் லூப் வைத்துக்கொண்டு அதைத்தான் தேடுவார்கள்.

இப்போது கணக்கு. சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவின் சென்சார் சுமார் 23 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம். 30 மி.மீ. நாணயம் கொஞ்சம் ஓரம் விட்டு உயரத்துக்குள் அடங்க வேண்டும் என்றால் அது சென்சாரில் ஏறக்குறைய பாதி அளவாக விழ வேண்டும். அதாவது உருப்பெருக்கம் 0.5-க்குச் சற்றுக் குறைவு. அந்த எழுத்தும் வளைவும் மட்டும் படம் முழுக்க நிறைய வேண்டும் என்றால் 1-ஐத் தாண்டிப் போக வேண்டும். ஒரே நாணயம், இரண்டு வேறு ட்யூப். "எந்த ட்யூப்?" என்ற கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

3. ட்யூபின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் வகுத்தால் அந்த ட்யூப் தரும் உருப்பெருக்கம் வந்துவிடும். கடைகளில் கிடைக்கும் செட் பெரும்பாலும் மூன்று துண்டு: 12, 20, 36 மி.மீ. மூன்றையும் சேர்த்தால் 68. 50 மி.மீ. லென்ஸில் 12 போட்டால் 0.24. 20 போட்டால் 0.4. 36 போட்டால் 0.72. மூன்றும் சேர்ந்தால் 1.36. லென்ஸ் தன் சொந்தத்தில் கிட்டே போகும் அளவையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ்களில் அது ஏறக்குறைய 0.15-இலிருந்து 0.2 வரை. ஆக நாணயம் முழுசாக வேண்டுமென்றால் 20 மி.மீ. துண்டு ஒன்றே போதும், ஃபோகஸ் வளையத்தில் மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளலாம். வளைவுக்குள் இருக்கும் எழுத்துக்கு மூன்றையும் மாட்டுங்கள். தெலங்காணாவின் மாநிலப் பூவான தங்கேடுவுக்கும் இதே 20 துண்டு சரிவரும். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்குகிறார்களே, நம் ஊர் ஆவாரம்பூ, அதுதான். பட்டுப்பூச்சி ஒரு சென்டிமீட்டர் அளவு இருக்கும். படத்தின் அகலத்தில் அது பாதியை நிறைக்க வேண்டுமென்றால் 36-உம் 12-உம் சேர்த்துப் போடுங்கள்.

இந்தக் கணக்கு மில்லிமீட்டர் சுத்தமாக வராது. இப்போதைய லென்ஸ்கள் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளுக்குள்ளேயே கண்ணாடிகளை நகர்த்தி ஃபோகல் லெங்த்தை மாற்றிக்கொள்கின்றன. கடைக்குப் போகும் அளவுக்கு இது போதும்.

4. கான்டாக்ட் உள்ள ட்யூபா, இல்லாததா? பணம் இங்கேதான் போகிறது, போக வேண்டியதும் இங்கேதான். காற்றை விலை கொடுத்து வாங்கவில்லை. இரண்டு முனையிலும் இருக்கும் மவுண்டையும், கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே சேதி கடத்தும் அந்தத் தங்க நிறப் புள்ளிகளையும்தான் வாங்குகிறோம்.

சில நூறு ரூபாய்க்கு மறையிட்ட வளையங்களாக ஒரு செட் கிடைக்கும். அதில் கான்டாக்ட் கிடையாது. கேனன் ஈஎஃப் லென்ஸை அதில் மாட்டினால் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்தே நிற்கும், ஏனென்றால் இதழ்களை மூடச் சொல்லிக் கேமரா அனுப்பும் மின்சேதி போய்ச் சேராது. நிக்கானின் ஜி வகை லென்ஸில் கதை தலைகீழ்: அப்பர்ச்சர் கடைசிவரை மூடிக்கொண்டு வ்யூஃபைண்டர் இருட்டிவிடும். மிரர்லெஸ் லென்ஸ் என்றால் இன்னும் மோசம். ஃபோகஸ் வளையமே மின்சாரத்தில் வேலை செய்வதால், கையால் திருப்பினாலும் ஒன்றும் நகராது. முழுக்கத் திறந்த f/1.8-இல் பூச்சியின் ஒரு மயிர் மட்டும் தெளிவாக இருக்கும், மற்றதெல்லாம் பனிமூட்டம்.

கேனன்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. லென்ஸை நேரடியாகக் கேமராவில் மாட்டி, f/8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு ப்ரிவியூ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் இதழ்கள் f/8-இலேயே நின்றுவிடும். பிறகு ட்யூபில் மாட்டலாம். நாணயத்துக்குச் சரி. வெயிலில் பூச்சியைத் துரத்திக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், அரைமணியில் வெறுத்துவிடும்.

சில நூறு ரூபாய் வளையம் பிரமாதமாக வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது: பிலிம் காலத்து 50 மி.மீ. மேனுவல் லென்ஸ். அதில் அப்பர்ச்சர் வளையம் லென்ஸின் மேலேயே இருப்பதால் கேமராவிடம் எதுவும் கேட்க வேண்டாம். அப்பா, தாத்தா வைத்திருந்த லென்ஸ் அலமாரியில் கிடந்தால் முதலில் அதை எடுங்கள். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா பாருங்கள். சுத்தமாக இருந்தால், அந்த லென்ஸை உங்கள் கேமராவில் மாட்டும் அடாப்டரும் ஒரு மறை வளையச் செட்டும் வாங்கினால் ஆயிற்று. காசு இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான். புதுப் பொருள் வாங்கும் ஆசையில் யாரும் கேட்பதில்லை.

5. கம்பெனி. கென்கோவின் 12-20-36 செட் நெடுங்காலமாக இருக்கிறது, மவுண்ட் உலோகம், நம்பலாம். கேனன் தன் ஈஎஃப் லென்ஸ்களுக்கு 12, 25 என்று தனித்தனியாகச் செய்தது. விலை அதிகம், அதனால் படம் ஒன்றும் கூடிவிடாது. நிக்கானின் சொந்த பிகே வரிசையில் மின் கான்டாக்ட் கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபூஜிக்கு 11, 16. மிரர்லெஸ்ஸுக்கு மற்றவர்கள் செய்வது பெரும்பாலும் 10-உம் 16-உம் சேர்ந்த ஜோடி. மெய்கே (Meike) போன்ற விலை குறைந்தவற்றில் மவுண்ட் உலோகமா பிளாஸ்டிக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

6. ஆர் வரிசைக் கேனனில் அடாப்டர் போட்டுப் பழைய ஈஎஃப் லென்ஸ் பயன்படுத்துகிறவர்கள் புது ட்யூப் வாங்கத் தேவையில்லை. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஈஎஃப் ட்யூபை அடாப்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுங்கள். "அடாப்டரே ஒரு ட்யூப்தானே?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ஈஎஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி நிற்க வேண்டியது, ஆர் கேமராவில் அந்த இடைவெளி 20. மிச்சம் 24-ஐ அடாப்டர் ஈடுகட்டுகிறது, அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் தருவதில்லை.

7. கோட்டியோ அபிட்ஸோ, எந்தக் கடைக்குப் போனாலும் சொந்தக் கேமராவையும் லென்ஸையும் எடுத்துப் போங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதையெல்லாம் வீட்டில் செய்து பாருங்கள். மூன்று துண்டையும் மாட்டி கேமராவை ஆன் செய்தால் திரையில் அப்பர்ச்சர் எண் வர வேண்டும். கேனனில் 00, நிக்கானில் இரண்டு கோடு வந்தால் சேதி போகவில்லை என்று அர்த்தம். லென்ஸை லேசாக மேலும் கீழும் அசையுங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லா ட்யூபிலும் இருக்கும், டக் டக்கென்று சத்தம் வரக் கூடாது. கழற்றும் பொத்தான் சிக்காமல் திரும்புகிறதா பாருங்கள், மலிவு ட்யூப் லென்ஸோடு இறுகிக்கொண்டு வர மறுப்பது உண்டு. கடைசியாக, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்சுவரைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் படத்தின் நடுவில் வெள்ளை மூட்டம் விழும். அந்த ஒரு குறைக்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, உள்ளே கறுப்பு வெல்வெட் காகிதம் ஒட்டினால் சரியாகிவிடும். விலையில் குறைத்துக் கேட்கலாம்.

8. கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 55-இல் வைத்துப் பயன்படுத்துங்கள். 18-இல் வைத்து 20 மி.மீ. ட்யூப் போட்டால் ஃபோகஸ் ஆகும் இடம் லென்ஸின் கண்ணாடிக்குள்ளேயே போய்விடும், பொருளை அங்கே வைக்க முடியாது. ஜூம் திருப்பினால் ஃபோகஸும் போய்விடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ட்யூப் மாட்டிய பிறகு தூரத்தில் இருக்கும் எதுவும் தெளியாது, பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

9. தும்பி, பட்டாம்பூச்சி பிடிக்கும் பிள்ளைகளுக்கு. 50 மி.மீ. லென்ஸில் நிஜ அளவு (உருப்பெருக்கம் 1) வரும்போது பூச்சி லென்ஸ் மூக்கிலிருந்து சில சென்டிமீட்டரில் இருக்கும். எருக்கஞ்செடியில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி அவ்வளவு தூரம் உங்களை விடாது. 70-300 இருந்தால் அதன் பின்னால் 36 போடுங்கள். 300-இல் அது கூட்டுவது வெறும் 0.12-தான், ஆனால் லென்ஸ் முன்னைவிடக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும், உங்களுக்கு நிற்க இடமும் இருக்கும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் நீள லென்ஸ்களுக்கு ட்யூபைவிட முன்னால் மாட்டும் க்ளோசப் லென்ஸ்தான் சரி. ரேனாக்ஸ் டிசிஆர்-150 நல்லது. ட்யூப் பற்றி எழுத வந்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

கனமான லென்ஸ் என்றால் கேமராவைப் பிடிக்காதீர்கள், லென்ஸின் அடியில் கை கொடுங்கள். எடை முழுவதும் ட்யூபின் மேல் விழக் கூடாது.

10. வெளிச்சம் குறையும். நிஜ அளவில் எடுத்தால் சென்சாருக்கு வருவது நாலில் ஒரு பங்கு, பாதி அளவில் எடுத்தால் பாதிக்கும் கொஞ்சம் கீழே. கேமரா தானே கணக்குப் பார்த்துக்கொள்ளும், ஆனால் ஷட்டர் வேகம் இறங்கிவிடும். கேபிஆர் பூங்காவின் புதர்நிழலில் காலை ஏழு மணிக்குக்கூட இது தெரியும். அதனால் ஃப்ளாஷ் வேண்டும். கேமராவின் தலையில் இருக்கும் சின்ன ஃப்ளாஷ் வேண்டாம், லென்ஸும் ட்யூபும் சேர்ந்து அதன் வெளிச்சத்தை மறைத்துப் பூச்சியின் மேலேயே நிழல் போடும். தனி ஃப்ளாஷை ஒயரிலோ ட்ரிகரிலோ பக்கவாட்டில் பிடித்து, முன்னால் ஒரு வெள்ளைத் துணியோ பட்டர் பேப்பரோ கட்டுங்கள்.

அப்பர்ச்சரை f/22-க்குக் கொண்டுபோகும் ஆசை எல்லோருக்கும் வரும். நிஜ அளவில் f/16 என்பது உண்மையில் f/32 போல நடந்துகொள்ளும், படம் முழுவதும் மழுங்கிவிடும். f/8, மிஞ்சினால் f/11.

11. ஃபோகஸ் ஆழம் எவ்வளவு என்று எண்ணில் தெரிந்தால்தான் நம்புவீர்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் நிஜ அளவில் f/8-க்கு ஏறக்குறைய 0.6 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பாதி அளவில் 2 மி.மீ. அதற்குள் எதை வைப்பது என்பதில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது.

ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சிலந்தி கண்டுபிடித்தார்கள், முர்ரீசியா ஹைதராபாதென்சிஸ் என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். இரட்டைவால் சிலந்திக் குடும்பம். உடம்பின் பின்னால் நூல் விடும் உறுப்புகள் இரண்டு வால் போல நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் மரப்பட்டையோடு பட்டையாகத் தட்டையாய் ஒட்டிக் கிடக்கும், நிறமும் அதே நிறம். பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவோம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. அது தட்டை, உங்கள் சென்சாரும் தட்டை. கேமராவின் முதுகை மரத்துக்கு இணையாக வைத்தால் தலையிலிருந்து வால் வரை ஒரே தளத்தில் வந்துவிடும். குதிக்கும் சிலந்தி அப்படி இல்லை. அதன் முன்கண்கள் ஒரு தளம், முன்கால் ஒரு தளம், வயிறு எங்கோ பின்னால். அங்கே கண்ணை மட்டும் பிடியுங்கள், மற்றது மங்கினால் மங்கட்டும். நாணயத்திலும் இதே கதைதான். அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் ஒரு மினாரா தெளிவு, எதிர் மினாரா மூட்டம்.

வளாகத்துக்குள் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். வேறு இடத்து வேம்பிலும் புளியிலும் இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் இருக்கின்றன, மெதுவாகத் தேடுங்கள்.

12. ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். உருப்பெருக்கத்தை முதலில் முடிவு செய்து ஃபோகஸ் வளையத்தை அங்கேயே விட்டுவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டே தொடர்ச்சியாகச் சுடுங்கள். நாலைந்தில் ஒன்று தேறும். முழங்கை எங்காவது ஊன்றியிருக்க வேண்டும். அசையாத பொருளுக்கு ட்ரைபாட், லைவ் வ்யூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ், இரண்டு வினாடி டைமர்.

13. ட்யூப் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சென்சார் திறந்து கிடக்கிறது. இந்த ஊர்த் தூசி உங்களுக்கே தெரியும். கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். வீட்டிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு கிளம்பினால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் பையில் சிலிகா ஜெல்.

14. பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைத்துப் படம் எடுக்கிறார்கள் சிலர். என்னிடம் அந்தப் படங்களைக் கொண்டுவர வேண்டாம். கேபிஆர், மிருகவனி, ஹரிண வனஸ்தலி மூன்றும் தேசியப் பூங்காக்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அங்கே பொருந்தும். இலையைக் கிள்ளுவது, பூச்சியை இடம் மாற்றுவது எதுவும் கூடாது.

15. பிறகு எப்போதாவது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்குவீர்கள், ட்யூபை விற்றுவிடலாமா என்று கேட்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ லென்ஸ் பெரும்பாலும் நிஜ அளவில் நின்றுவிடும், அதன் பின்னால் ட்யூப் போட்டால் அதையும் தாண்டலாம். ஆவாரம்பூவின் மகரந்தப் பைகளில் மகரந்தம் வெளியே வருவது நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான், தச்சுவண்டு வந்து உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். அந்தத் துளையைப் படத்தில் காட்ட நிஜ அளவு போதாது. விற்றே ஆக வேண்டுமென்றால் செட்டாக விற்பதுதான் லாபம், தனித்துண்டுக்கு விலை கிடைக்காது. முன்பின் மூடிகளைத் தொலைக்காமல் வைத்திருங்கள், வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.